ஒரு கை பட்டன் மேல்

"உன் மெஷின்ல இருந்தா உன்னோடயே வச்சுக்கோ. சர்வருக்கு வந்தாத்தானே நான் எடுக்க முடியும்?"

சின்னவர் இதைச் சொன்னபோது நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நாற்காலியின் சக்கரத்தை ஓர் உதை விட்டிருப்பேன். எதிரில் அத்தான் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். இந்தக் கம்பெனி அவருடையது. சின்னவர் அவருடைய தம்பி. அக்கா கணக்கு வழக்கைப் பார்க்கிறாள். லிஃப்டுகளை ஓட்டும் மென்பொருளை நானும் சின்னவரும் எழுதுகிறோம். இருவர் எழுதியதையும் சேர்த்து, லிஃப்டை இயக்கும் மின்னணு போர்டில் ஏற்றி, வாடிக்கையாளருக்கு அனுப்புவது சின்னவரின் பொறுப்பு. குடும்பமாக நடத்துகிறோம் என்று வெளியே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். உள்ளே வந்து நாலு நாள் உட்கார்ந்து பார்த்தால் அந்தக் குடும்பத்தின் லட்சணம் தெரியும். என்னை எல்லோரும் கடுகு என்று கூப்பிடுவார்கள். நான் குள்ளம் என்பது அதற்குப் பாதிக் காரணம். மீதிக் காரணம் போகப்போகத் தெரிந்துவிடும்.

முந்தின நாள், எங்கள் போர்டு போட்ட லிஃப்ட் ஒன்று ஒரு பெண்ணின் மணிக்கட்டை உடைத்துவிட்டது. அந்தக் குடியிருப்புக்கு வீடு மாறி வந்தவள். சாமான்களை ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றும்வரை, கதவு மூடாதபடி கையை நீட்டி மறித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். வாசலில் குறுக்கே ஓடும் ஒளிக்கதிரை எது மறித்தாலும் கதவு திறந்துகொள்ளும். ஆனால் ரொம்ப நேரம் மறித்துக்கொண்டே இருந்தால் கதவு பொறுமை இழக்கும். பீப் பீப்பென்று கத்திவிட்டு, கதிரைக் கண்டுகொள்ளாமல் மெதுவாக மூடத் தொடங்கும். அந்த 'மெதுவாக'தான் இதில் உயிர். குழந்தை தடுத்தாலும் நின்றுவிட வேண்டும். எங்கள் பழைய மென்பொருளில் அந்த மெதுவாக இல்லை. கத்தும், முழு வேகத்தில் அறையும். அதைக் கண்டுபிடித்தது நான். சரிசெய்தது நான். அந்தக் கட்டடத்துக்குப் போர்டு போவதற்கு வெகுநாள் முன்பே சர்வருக்கு அனுப்பியதும் நான். அப்படியிருந்தும் கதவு அறைந்திருக்கிறது.

முன்னறையில் அந்த லிஃப்டைப் பொருத்திய மெக்கானிக் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். கட்டடத்தின் சொந்தக்காரர் அத்தானிடம் ஒரே கேள்விதான் கேட்டிருந்தார்: தப்பு மென்பொருளிலா, பொருத்தியதிலா? சாயங்காலத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். மென்பொருள் சரி என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால், ஒளிக்கதிரை ஒழுங்காகப் பொருத்தவில்லை என்று மெக்கானிக் மேல் போலீசில் புகார் போகும். லைசென்ஸ் போகும், அவரும் உள்ளே போவார். இது அவருக்கும் தெரியும். அதனால்தான் யார் அந்தப் பக்கம் போனாலும் கடித்துக் குதறிக்கொண்டிருந்தார்.

"எனக்குப் புரியுற மாதிரி ஒருத்தர் சொல்லுங்க" என்றார் அத்தான். "ஒரே கம்பெனி. ஒரே சாஃப்ட்வேர். அவ மெஷின்ல ஒண்ணு, இவன் மெஷின்ல ஒண்ணு எப்படி இருக்கும்?"

"சர்வர்ல இருக்கிறதுதான் மூலம் அத்தான். எங்க ரெண்டு பேர்கிட்டயும் இருக்கிறது காப்பி. நான் என் காப்பில மாத்திட்டு சர்வருக்கு அனுப்பணும். இவர் அப்டேட் கொடுத்து அதை எடுத்துக்கணும். நான் அனுப்பிட்டேன். இவர் எடுக்கல."

"எடுத்தேன் அண்ணா! போர்டு எழுதுற அன்னைக்கு அப்டேட் கொடுத்தேன். எல்லாம் புதுசா இருக்குன்னு அதுவே சொல்லுச்சு. இவ அனுப்பினதா நினைச்சுக்கிட்டு அனுப்பாம விட்டிருப்பா. இப்ப என் தலையில கட்டப் பாக்குறா."

"யாரு? நானா? வாய் இருக்குன்னு எதை வேணா பேசாதீங்க சின்னவரே!"

"பாருங்க, இப்படித்தான் எப்பவும் கத்துறது."

அத்தான் மேசையைத் தட்டினார். "ரெண்டு பேரும் போய் மெஷினப் பாருங்க. மெக்கானிக் பொருத்தினதுலதான் கோளாறுன்னு எனக்குத் தோணுது. இருந்தாலும் பாத்துட்டு வந்து சொல்லுங்க. சாயங்காலம் நான் லெட்டர் அனுப்பியாகணும்."

அவருக்குத் தோன்றியது ஏன் என்று எனக்குத் தெரியாதா? மெக்கானிக் வெளியாள். அவ்வளவுதான் காரணம்.

எங்கள் வேலை அறை நீளமானது. ஒரு கோடியில் என் மேசை, நடுவில் சின்னவர் மேசை, மறு கோடியில் ஒரு கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் சுவர்தான். லிஃப்டில் வருகிற அதே இரும்புக் கதவு, அதே மோட்டார், அதே ஒளிக்கதிர். சோதனை செய்வதற்காக இரும்புச் சட்டத்தில் மாட்டி நிறுத்தியிருக்கிறோம். பக்கத்துச் சின்ன மேசையில் போர்டைச் செருகும் இடமும், மோட்டாரை அப்படியே நிறுத்துகிற சிவப்பு பட்டனும் இருக்கின்றன. ஒருமுறை இந்தக் கதவு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் காலை நசுக்கித் தள்ளியது. அன்றைக்கே நான் ஒரு சட்டம் போட்டேன். கதவு ஓடும்போது ஒருவர் அந்த மேசையருகே பட்டன் மேல் கை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், கையை எடுக்கவே கூடாது. தடித்த பேனாவால் எழுதிச் சுவரிலும் ஒட்டினேன்: ஒரு கை பட்டன் மேல். சின்னவர் ஒரு தடவை கை எடுத்ததற்கு அவரை நான் கிழித்த கிழியில், அதற்கப்புறம் இரண்டு வாரம் எங்களுக்குள் பேச்சுவார்த்தையே இல்லை.

"நகருங்க, நான் உட்காரணும்" என்றேன்.

"என் மெஷின்ல நீ எதுக்கு?"

"பின்ன என் மெஷின்லயா உங்க தப்பைத் தேடுறது?"

முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். எழுந்தவர் தள்ளிப் போகவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் அப்டேட் கொடுத்தேன். எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது என்றது. அவராக ஏதாவது மாற்றி வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். ஒன்றும் மாறவில்லை என்றது. கதவுக்கான கோப்பைத் திறந்தேன். பழையது. என் 'மெதுவாக' அதில் இல்லை. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். பழையதேதான்.

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். "என்ன மேடம், வேர்க்குதா?"

"வாயை மூடிட்டு நில்லுங்க."

சர்வருக்கே நேராகப் போய்ப் பார்த்தேன். அங்கே என் மாற்றம் இருந்தது. என் பெயரோடு, பழைய தேதியோடு, கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்படியானால் சர்வரில் இருக்கிறது, அப்டேட்டும் முடிந்திருக்கிறது, கோப்பில் மட்டும் இல்லை. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கவே முடியாது. யாரோ எங்கேயோ பொய் சொல்கிறார்கள். கணினிக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொல்லத் தெரிந்தவர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

ஒவ்வொரு ஃபோல்டராகக் கூப்பிட்டு, நீ எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்க ஒரு கட்டளை இருக்கிறது. கேட்டேன். மோட்டார் ஃபோல்டர், விபத்து நடந்த கட்டடத்தின் ப்ராஜெக்ட் என்றது. மாடி எண் காட்டும் ஃபோல்டரும் அதையே சொன்னது. கதவு ஃபோல்டரைக் கேட்டேன். அது வேறு விலாசம் சொன்னது. நாங்கள் எப்போதோ முடித்துக்கொடுத்த ஒரு பழைய வாடிக்கையாளரின் ப்ராஜெக்ட்.

"அடப்பாவி" என்று என்னையறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

நாங்கள் வைத்திருப்பது பழைய காலத்து ஏற்பாடு. இதில் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குட்டி ஃபோல்டர் ஒளிந்திருக்கும். 'நான் சர்வரில் இந்த இடத்திலிருந்து வந்தவன்' என்ற விலாசம் அதற்குள்தான் இருக்கிறது. ஃபோல்டரை ஒரு ப்ராஜெக்டிலிருந்து அப்படியே தூக்கி இன்னொன்றில் போட்டால், அந்த விலாசமும் கூடவே வந்துவிடும். அப்புறம் எத்தனை முறை அப்டேட் கொடுத்தாலும் அது பழைய வீட்டுக்குப் போய்த்தான் நலம் விசாரிக்கும். அங்கே எதுவும் மாறியிருக்காது. எல்லாம் சுகம் என்று திரும்பி வந்து சொல்லும். இந்த மடத்தனத்தை வேலை தெரியாதவன் செய்யமாட்டான், அவனுக்கு இரண்டு ப்ராஜெக்ட் இருப்பதே தெரியாது. வேலை தெரிந்தும் அவசரத்தில் குறுக்கு வழி தேடுகிறவன்தான் செய்வான்.

திரும்பினேன். சின்னவரின் முகம் செத்துப்போயிருந்தது.

"பழைய ப்ராஜெக்ட்லேர்ந்து கதவு ஃபோல்டரைத் தூக்கி இங்க போட்டீங்களா?"

அவர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

"கேக்குறேன்ல? போட்டீங்களா, இல்லையா?"

"மெதுவாப் பேசு." முன்னறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீ மாத்தின இடத்துலயே நானும் ஏதோ மாத்தி வச்சிருந்தேன். அப்டேட் கொடுத்தா ரெண்டும் முட்டிக்கிச்சு. ஃபைல் முழுக்க அம்புக்குறியும் கோடுமா நிக்குது. எதை வைக்கிறது, எதை எடுக்கிறதுன்னு தெரியல. மறுநாள் போர்டு போயாகணும். பழைய ப்ராஜெக்ட்ல கதவு நல்லாத்தானே ஓடுச்சு, அதைத் தூக்கி மேல போட்டேன். முட்டல் போயிடுச்சு."

"முட்டல் போயிடுச்சா? என் வேலையும் சேர்ந்துல்ல போயிடுச்சு! நான் ரெண்டு அடி தள்ளித்தானே உட்கார்ந்திருக்கேன்? ஒரு வார்த்தை கேக்குறதுக்கு என்ன கேடு?"

"உன்கிட்டயா?" அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "உன்கிட்ட கேட்டா, இதுகூடத் தெரியாதான்னு முன்னாடி ரூம் வரைக்கும் கேக்குற மாதிரி கத்துவ. சம்பளம் வாங்குறவன் முன்னாடி, டீ கொண்டு வர்றவன் முன்னாடி. எனக்கு மானம் இல்லையா?"

"கத்தியிருப்பேன்தான். கத்திட்டு சரிபண்ணிக் கொடுத்திருப்பேன். இப்ப ஒருத்தி கை ஒடிஞ்சு கிடக்குறா. ஒருத்தர் வெளிய உட்கார்ந்து உசிர் போயி உசிர் வந்துக்கிட்டு இருக்கார். உங்க மானத்தைக் கொண்டு போய் அவங்ககிட்டக் காட்டுங்க."

அத்தானைக் கூப்பிட ஓடினேன். போட்டோ ஒன்று எடுத்துவிட்டு ஓடியிருக்க வேண்டும். கோபத்தில் யாருக்கு அதெல்லாம் தோன்றுகிறது?

முன்னறையில் மெக்கானிக் குறுக்கே வந்து நின்றார். "என்ன மேடம், கடைசியில என்ன முடிவு பண்ணீங்க? என்னைத் தலையச் சுத்தித் தூக்கிப் போடுறதா?"

"வழி விடுங்க. அதுக்குத்தான் போறேன்."

"எதுக்கு? தூக்கிப் போடவா?"

"ஐயோ, உங்களைக் காப்பாத்தப் போறேன்யா, நகருங்க!"

"காப்பாத்துற மூஞ்சியப் பாரு. அந்த ஒளிக்கதிரை நான் மூணு தடவை செக் பண்ணினேன். ஏ.சி. ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு எழுதுற நீங்க தப்பே பண்ண மாட்டீங்க, வெயில்ல நிக்கிற நாங்கதான் பண்ணுவோம், இல்ல?"

அவரைச் சமாளித்துக் கடந்து போனால், அத்தான் கட்டடச் சொந்தக்காரரோடு போனில் இருந்தார். ஆமாங்க, சரிங்க, அனுப்பிடுறேங்க என்று அவர் பேசி முடிக்கும்வரை வாசலில் நின்று காலை மாற்றி மாற்றி வைத்தேன். பக்கத்து அறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி, இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிக்கிற? யார்கூட சண்டை?" என்றாள். சண்டை என்று வந்துவிட்டால் என் இரண்டு கையும் தானாக இடுப்புக்குப் போய்விடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அத்தானை ஒருவழியாக இழுத்துக்கொண்டு வந்தேன். சின்னவர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

"பாருங்க அத்தான்" என்று அந்தக் கட்டளையை அடித்தேன். கதவு ஃபோல்டர், அந்தக் கட்டடத்தின் ப்ராஜெக்ட் என்றது. கோப்பைத் திறந்தேன். என் 'மெதுவாக' அதில் அழகாக உட்கார்ந்திருந்தது.

வாயில் ஈ போவது தெரியாமல் நின்றேன்.

"சர்வர்ல இருக்கிறதும் இதுவும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்றார் அத்தான்.

"அழிச்சிட்டார்! நான் போன கேப்புல ஃபோல்டரை அழிச்சிட்டு சர்வர்லேர்ந்து புதுசா இறக்கியிருக்கார். இப்பத்தான் என்கிட்ட ஒத்துக்கிட்டார். மானம் போகுதுன்னு..."

"நான் என்ன ஒத்துக்கிட்டேன்?" சின்னவர் என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்துப் பேசினார். "இவ சரியாத் திறந்து பாக்கல அண்ணா. இருந்ததை இல்லேன்னு சொல்லிக் குதிக்கிறா. இவளோட மாற்றம் என் காப்பில இருக்கு. அதைத்தான் போர்டுல எழுதி அனுப்பினேன். அப்ப சாஃப்ட்வேர்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு பேர் வேலையும் சரிதான்னு நானே சொல்றேன், இதுக்கு மேல என்ன வேணும் இவளுக்கு?"

பச்சைப் பொய். அதுவும் எனக்குச் சாதகம் மாதிரி சுற்றிக் கட்டிய பொய். என் வேலையும் சரி, அவர் வேலையும் சரி, குடும்பத்துக்குள் சண்டை தீர்ந்தது, வெளியாள் ஒருவன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் போதும். அத்தானின் முகத்தில் நிம்மதி வருவதை என் கண்ணால் பார்த்தேன். 

"சரி, விடு கடுகு" என்றார். "அவன்தான் உன் வேலை சரின்னு சொல்றானே. அப்ப பொருத்தினதுலதான் தப்பு. நான் லெட்டரை அனுப்பிடுறேன்."

"அனுப்பாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் முன்னறையில் மெக்கானிக் எழுந்து நின்றது கண்ணாடித் தடுப்பு வழியாகத் தெரிந்தது. அவருடைய தோளில் பை தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பையைப் பார்த்ததும்தான் எனக்கு நினைவு வந்தது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் நாங்கள் இரண்டு போர்டு அனுப்புவோம். ஒன்று லிஃப்டில் போட, இன்னொன்று அவசரத்துக்கு. இரண்டிலும் ஒரே நாளில், ஒரே பில்ட், அதாவது சேர்த்து முடித்த ஒரே மென்பொருள், எழுதப்படும். அவசரப் போர்டு மெக்கானிக் கையில் இருக்கும்.

அவரிடம் ஓடினேன். "அந்தக் கட்டடத்து ஸ்பேர் போர்டு உங்ககிட்ட இருக்கா?"

"இருந்தா?"

"குடுங்க."

"எதுக்கு? அதையும் மாத்தி எழுதி, என் மேல கேஸை இறுக்கவா? என் கையை விட்டு அது எங்கயும் போகாது."

"சரி, நீங்களே கையில பிடிச்சுக்கிட்டு வாங்க. நீங்களே செருகுங்க. நான் தொடக்கூட மாட்டேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பையைத் திறந்துகொண்டே பின்னால் வந்தார். உறை பிரிக்காத போர்டு. ஸ்டிக்கரில் தேதி, கட்டடத்தின் பெயர், கீழே சின்னவரின் கையெழுத்து. அத்தான் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். மெக்கானிக் தன் கையாலேயே அதைச் சோதனை மேசையில் செருகினார். நான் பக்கத்தில் போய் நின்று மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தேன். மூலையில் கதவு ஒரு தடவை முனகிவிட்டுத் திறந்து நின்றது.

எப்போதும் ஒரு தடித்த அட்டைக் குழாயை நீட்டித்தான் கதிரை மறிப்போம். அன்றைக்கு அது கதவோரமாகச் சாய்ந்துதான் இருந்தது. அதை எடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் சின்னவர் கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றுமே தெரியாத குழந்தை மாதிரி நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் அட்டைக் குழாய் எனக்குப் போதவில்லை.

"சின்னவரே, என் மாற்றத்தோடதானே இந்த போர்டை எழுதினீங்க?"

"ஆமா."

"அப்ப கதவு கத்தும், மெதுவா வரும், கை பட்டா நின்னுடும். பூனை உரசுற மாதிரி இருக்கும். அப்படித்தானே?"

"ஆமா. அதுக்கு?"

"அப்ப கையை வைங்க."

 மெக்கானிக் மட்டும் மூக்கால் சிரித்தார்.

"எனக்கென்ன பைத்தியமா?" என்றார் சின்னவர். "கட்டையை வை. குழாயை வை. சோதனைன்னா அதுக்கு ஒரு முறை இருக்குல்ல?"

"ஏன், கையை வச்சா என்ன? உங்க பில்ட் மேல நம்பிக்கை இல்லையா? மெக்கானிக்கை ஜெயிலுக்கு அனுப்புற அளவுக்கு நம்பிக்கை இருக்கு, விரலை நீட்டுற அளவுக்கு இல்லையா?"

"அண்ணா, இவ ஓவராப் போறா. சொல்லிட்டேன்."

"போதும்!" அத்தானுக்குப் பொறுமை போய்விட்டது. அவர் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. "தினமும் இதே கூத்து. இவ சொன்னா அவன் பொய், அவன் சொன்னா இவ பொய். என் தம்பி என் முகத்தைப் பாத்துப் பொய் சொல்ல மாட்டான். அவன் கை வேண்டாம். நான் வைக்கிறேன்."

சொன்னதோடு சரி. நாலு எட்டில் கதவருகே போய்விட்டார். சட்டைக் கையை மடிக்கக்கூட இல்லை. இடது கையைக் கதவின் நடுவே நீட்டிக்கொண்டு நின்றார். கதவு மூட வந்தது. கையைக் கண்டு திறந்தது. மறுபடி வந்தது, மறுபடி திறந்தது.

நான் அத்தானைப் பார்க்கவில்லை. சின்னவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லு, இப்பவாவது சொல்லு என்று மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் இடுப்பில் இறுகியிருந்தன.  கதவு இன்னொரு தடவை வந்து திறந்தது. அத்தான் தம்பியைப் பார்த்துத் தலையை ஆட்டி, பார்த்தாயா ஒன்றுமில்லை என்பது போல லேசாகச் சிரித்தார்.

பீப் என்று கத்தத் தொடங்கியது.

"அண்ணா, எடு!"

சின்னவர் பாய்ந்தார். தோளால் இடித்ததில் நான் சுவரில் போய் மோதினேன். "எடு அண்ணா, அதுல இவ மாத்தினது இல்ல, எடு!" என்று அலறிக்கொண்டே சிவப்பு பட்டன் மேல் விழுந்தார். இரும்புக் கதவு முழு வேகத்தில் கிளம்பி, பாதி வழியில் அதிர்ந்து நின்றது. அத்தான் கையை இழுத்துவிட்டிருந்தார், முழுவதுமாக இல்லை. கதவு விளிம்பு பட்டு அவருடைய கைக்கடிகாரத்தின் கண்ணாடி நொறுங்கிச் சில்லுகள் தரையில் சிதறின. மணிக்கட்டில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

பீப் சத்தம் நிற்கவில்லை. மெக்கானிக்தான் கை நீட்டி மின்சாரத்தை அணைத்தார்.

அத்தான் உடைந்த கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தம்பியின் பக்கம் திரும்பவே இல்லை. "உங்க மேல தப்பு இல்லீங்க" என்று மெக்கானிக்கிடம் சொன்னார்.  "இப்பவே உங்க முன்னாடியே பேசிடுறேன்." அங்கேயே நின்று கட்டடச் சொந்தக்காரருக்குப் போன் போட்டார். தப்பு எங்களுடையது, மென்பொருளில் இருக்கிறது, மெக்கானிக் செய்ததில் ஒரு குறையும் இல்லை, அந்த அம்மாவின் வைத்தியச் செலவு என் பொறுப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சின்னவர் மேசைக் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, முகத்தைக் கைக்குள் புதைத்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் போர்டைப் பிடுங்கி உறைக்குள் போட்டார். "இதைக் காலையிலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று பொதுவாக எல்லோரையும் பார்த்துச் சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நன்றி சொல்வார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்ற கொதிப்பே எனக்குப் போதுமாக இருந்தது.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்றேன், தரையில் கிடந்தவரைப் பார்த்து. "எவ்வளவு திமிரா பொய் சொன்னீங்க? சொந்த அண்ணன் கை போயிருக்கும், தெரியுமா?"

"அவனைப் பத்தி அப்புறம் பேசலாம்."

குரல் வாசலிலிருந்து வந்தது. அக்கா. எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. உள்ளே வந்தாள். குனிந்து கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் போட்டுக்கொண்டாள்.

"அந்த போர்டுல பழசுதான் இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?" என்றாள், நிமிராமலே.

"தெரியும். அதைத்தானே காலையிலேர்ந்து கத்திக்கிட்டு இருக்கேன்?"

"அவர் கையை வைக்கும்போதும் தெரியும்."

 "இவர் எப்படியும் கத்துவார்னு தெரியும்க்கா. கூடப் பிறந்தவர்தானே? அண்ணன் கை நசுங்குறவரைக்கும் பாத்துக்கிட்டு நிக்க மாட்டாருன்னு..."

"கத்தலேன்னா?"

"நான் பட்டன் பக்கத்துலதானே நின்னேன்!"

அக்கா நிமிர்ந்தாள். சுவரில் ஒட்டியிருந்த என் கையெழுத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்த வழியில் பதில் சொல்லியிருப்பேன்.

"பக்கத்துலதான் நின்ன. உன் கை எங்கடி இருந்துச்சு?"

அத்தான் போனை வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பியிருந்தார். கைக்குட்டையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, அவரும் என் பதிலுக்காக நின்றார். அப்போதுதான் கவனித்தேன், என் இரண்டு கையும் இன்னும் இடுப்பில்தான் இருந்தன.